நெடுவழியின் நியாயம்

எம்மிடம் முன்பு ஓதிச் சென்று, இன்று கோவையில் கடையும் பட்டறையுமாக வாழும் மாணவர் நால்வர், நோன்புப் பெருநாள் கழிந்த சில தினங்களில் எம் இல்லம் வந்தனர். கையில் ஒரு தாள் இருந்தது. மலையும் கடலும் ஒருசேரக் கண்டுவர மூன்று நாள் பயணம் ஒன்றை எண்ணியிருப்பதாகவும், அதனைச் சீர்செய்து தருவதோடு, இத்தகைய பயணம் ஆகுமா ஆகாதா என்பதையும் நாம் சொல்லவேண்டும் என்றும் கேட்டனர். இரண்டாவது கேள்வி அவர்களுடையதன்று. அவருள் ஒருவருடைய பாட்டனார் கேட்டது. வியாபாரத்துக்கும் அன்று, வைத்தியத்துக்கும் அன்று, உறவினரைக் காணவும் அன்று. சும்மா ஊர் சுற்றுவதற்கு ஹலாலான காசைக் கரைப்பதா என்று பெரியவர் கடிந்திருக்கிறார்.

தாளை வாங்கிப் பார்த்தோம். முதல் நாள் ஆழியாறு, குரங்கருவி, வால்பாறை, நல்லமுடி, சோலையாறு அணை, அதிரப்பள்ளி. இரண்டாம் நாள் கொடுங்கல்லூர், அழிக்கோட்டுக் கடற்கரை, பொன்னானி, கோழிக்கோடு. மூன்றாம் நாள் நிலம்பூர், கூடலூர், உதகை, குன்னூர். இரவு பத்து மணிக்குக் கோவை. ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே எத்தனை நிமிடம் என்பது எழுதப்பட்டிருந்தது. சரக்கு அனுப்புகிறவர் கையில் வைத்திருக்கும் பட்டியலைப் போலிருந்தது அது. மில்லும் ஃபவுண்டரியும் லேத்துப் பட்டறையும் வளர்த்த ஊர் நம்முடையது. கோவைக்காரர் ஓய்வெடுப்பதைக்கூட உற்பத்தியைப் போலத்தான் திட்டமிடுவார் என்று நாம் எண்ணிக் கொண்டோம். தாளின் தலைப்பில் மட்டும் ‘நிதானமான சுற்றுலா’ என்று எழுதியிருந்தார்கள்.

பாட்டனாரின் கேள்வியை முதலில் எடுத்துக் கொள்வோம். அது எளிதில் தள்ளத்தக்க கேள்வியன்று.

கோவை மலையூரும் அன்று, கடலூரும் அன்று; இரண்டுக்கும் இடைப்பட்ட வாயிற்படி. மேற்கே சுவரெனத் தொடரும் மலைத்தொடர் பாலக்காட்டருகே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்து நிற்கின்றது. ஆனி, ஆடி மாதங்களில் நம் தெருக்களில் புழுதி கிளப்பும் காற்று அவ்வழியே வருவது. மேல்கடற்கரைத் துறைகளிலிருந்து கரூர்ப் பக்கம் சென்ற பண்டை வணிகப் பெருவழியும் அதுவே. நொய்யற்கரைக் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த மணிகளும், கோவை வட்டாரத்தில் புதையலாய்க் கிடைத்த உரோமானிய நாணயங்களும் அதற்குச் சான்று பகர்கின்றன. இன்றும் கோவையிலிருந்து கொடுங்கல்லூர் போகவேண்டியவர் வாளையாறு, பாலக்காடு, திருச்சூர் வழியே போனால் ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் கடலைக் கண்டுவிடலாம். மலையென்று ஒன்றை ஏறவே வேண்டியதில்லை. இதனை விடுத்துப் பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி, சாலக்குடி என்று சுற்றினால் அதே கொடுங்கல்லூர் 230 கிலோமீட்டருக்கு மேலாகும். நேரமோ இரட்டிப்பினும் மிகும். குறுவழி இருக்க நெடுவழியே செல்பவனுக்கு என்ன நியாயம்? பெரியவர் கேட்டதன் சாரம் இதுதான்.

இக்கேள்வியை நம் ஃபிக்ஹு நூலோர் வேறொரு கோணத்தில் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பியிருக்கின்றனர். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், முஸாஃபிரின் தொழுகையைக் கூறும் பகுதியில், ஒரு சிறு மஸ்அலா வருகின்றது. ஓரிடத்துக்கு இரு வழிகள் உள. ஒன்று நெடியது, தொழுகையைச் சுருக்குவதற்குரிய தூரம் உடையது. மற்றொன்று குறியது, அத்தூரம் இல்லாதது. ஒருவன் குறுவழியை விட்டு நெடுவழியே போகிறான். அவன் கஸ்ரு தொழலாமா? எளிமை, பாதுகாப்பு போன்ற ஏதேனும் ஒரு நோக்கத்தை முன்னிட்டுப் போனால் தொழலாம். வேறு நோக்கமே இன்றிச் சுற்றிப் போனால் தொழலாகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான முடிவு. இதற்கு விரிவுரை கண்ட பிற்கால அறிஞர்கள், ஏற்கத்தக்க நோக்கங்களின் வரிசையில் ‘தனஸ்ஸுஹ்’ என்பதையும் சேர்த்தனர். மனம் மலர உலாவி வருதல் என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். ஆக, வழியின் அழகுக்காக வழியை நீட்டிக் கொள்வது அவர்கள் பார்வையில் வீணன்று. கணக்கில் ஏறக்கூடிய ஒரு காரணம்.

நம் கொங்குநாட்டு ராவுத்தர் பெருமக்கள் பெரும்பாலும் ஹனஃபீகள். ஹனஃபீ நூல்களில் இக்கேள்விக்கே இடமில்லை. எவ்வழியே சென்றானோ அவ்வழியின் தூரம்தான் கணக்கு. ஏன் சுற்றினாய் என்று அவனைக் கேட்பதில்லை. மேலும், மேற்சொன்ன இரு வழிகளுமே 48 மைல் என்னும் வரம்பைத் தாண்டியவை. ஆதலின் கோவையிலிருந்து கொடுங்கல்லூர் போகிறவருக்குத் தொழுகைச் சட்டத்தில் இந்தச் சிக்கல் எழப்போவதில்லை. நாம் அதனை இங்கே இழுத்தது சட்டத்துக்காக அன்று. நெடுவழியே போகிறவனைப் பார்த்து உன் நோக்கம் என்ன என்று கேட்கும் அந்த நுட்பத்துக்காக.

அதே ஷாஃபிஈ அறிஞர்கள் வேறு மூன்று செய்திகளும் கூறினர். குறித்த இலக்கு ஒன்றை முதலிலேயே கருதாமல் அலைபவனுக்கு முஸாஃபிரின் சலுகை இல்லை. ஊர்களை வெறுமனே பார்ப்பது ஒன்றையே நோக்கமாகக் கொண்டு புறப்படுவது சரியான நோக்கமாகாது. தன்னையும் தான் ஏறிச் செல்லும் பிராணியையும் காரணமின்றி விரட்டிக் களைக்கச் செய்பவனுடைய பயணமோ பாவப் பயணங்களுள் வைக்கத்தக்கது. மனமகிழ உலாவுதல் ஆகும். வெறுமனே பார்ப்பது ஆகாது என்றால், இரண்டுக்கும் வேறுபாடு யாது? ஓதிக்கொடுக்கும் காலத்தில் மாணாக்கர் இதனைக் கேட்டால் இரண்டொரு சொல்லிற் கடந்து போயிருக்கிறோம். இத்தாளைக் கையில் வைத்துக் கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது.

‘தனஸ்ஸுஹ்’ என்னும் சொல்லிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. தோட்டந்துரவுகளுக்குப் போய் வருவதை இச்சொல்லாற் குறிப்பது மக்கள் செய்யும் பிழை என்றும், விலகியிருத்தல் என்பதே அதன் மூலப்பொருள் என்றும் இப்னுஸ் ஸிக்கீத் போன்ற பழைய மொழியறிஞர் வாதித்தனர். அழுக்கினின்று விலகி நிற்பவனைக் குறிக்கவும் இதே வேர்ச்சொல் வழங்குகிறது. இறைவனைக் குறைகள் அனைத்தினின்றும் தூயவனாகக் கருதுவதற்கு அகீதா நூல்கள் வழங்கும் ‘தன்ஸீஹ்’ என்னும் பெருஞ்சொல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மக்கள் வழக்கு அறிஞரின் பேச்சைக் கேட்டு நிற்பதில்லை. சொல் உலாவுக்கே நிலைத்துவிட்டது. ஆயினும் வேரின் மணம் போகவில்லை. உலா என்பது ஒன்றிலிருந்து விலகி நிற்பது. நெரிசலினின்று, அழுக்கினின்று, அன்றாடக் கணக்கினின்று. அன்றாடக் கணக்கையே நிமிடம் நிமிடமாக எழுதி எடுத்துக்கொண்டு மலையேறினால் எதிலிருந்து விலகியதாகும்? மலைமீது நெகிழிப் பையையும் குப்பியையும் வீசிவிட்டு வருகிறவரின் செயலுக்கு அரபியில் வேறு சொல்தான் தேட வேண்டும்.

ஆகவே பெரியவருக்கு எம் மறுமொழி ஆகும் என்பதே. மகிழ்ச்சி வெட்கப்படத்தக்க நோக்கமன்று. இதில் நம்மவரிடையே ஒரு பழக்கம் உண்டு. உல்லாசத்துக்குப் போவதைச் சொல்லக் கூசி, வழியில் ஒரு தர்காவையோ பழம்பள்ளியையோ சேர்த்துக்கொண்டு ஸியாரத்துக்குப் போகிறோம் என்பார்கள். போன இடத்தில் ஃபாத்திஹா ஓதியது ஐந்து நிமிடமும் படகில் ஏறியது இரண்டு மணியுமாக இருக்கும். ஸியாரத்தை ஸியாரத்தாகவும் உலாவை உலாவாகவும் சொல்லிவிட்டுப் போவதே நேர்மை. பெரியவரின் மற்றொரு வாதம், அந்தக் காசுக்கு ஓர் ஏழைப் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் ஆகுமே என்பது. இதற்கு எம்மிடம் முழு விடை இல்லை. அந்தக் கேள்வியை வீட்டிலுள்ள ஒவ்வொரு சோபாவையும் கேட்கலாம். திருமண மண்டபத்தின் ஒவ்வொரு விளக்கையும் கேட்கலாம். பயணத்தை மட்டும் பிடித்துக் கேட்பானேன் என்று பெரியவரிடமே சொன்னோம். அவர் சிரித்தார், ஒப்பியதாகத் தெரியவில்லை.

ஆனால் நோக்கம் சரியானது என்பதோடு விஷயம் முடிந்துவிடுமா? முடியாது என்பதை நாம் நூலிற் கற்கவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் வால்பாறையில் ஒரு நிக்காஹ் மஜ்லிஸுக்கு வாடகை வண்டியிற் போயிருந்தோம். அழைப்பை ஏற்றுப் போவது சுன்னத். நோக்கத்திற் குறையேதும் இல்லை. திரும்பும்போது மஃரிபுக்குள் பொள்ளாச்சியை எட்டி ஜமாஅத்தோடு தொழுதுவிட வேண்டும் என்று ஓட்டுநரை நாமே விரைவுபடுத்தினோம். அந்த மனிதர் முந்தின இரவும் வேறொரு சவாரியில் உறங்காதவர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆழியாற்றுக்கும் வால்பாறைக்கும் இடையே 40 கொண்டையூசி வளைவுகள் உண்டு. அவற்றுள் ஒன்றில், தலையில் விறகுச் சுமையோடு சாலையோரம் வந்த ஓர் அம்மையார், எம் வண்டி ஒடித்த வேகத்தைக் கண்டு வடிகாற் பள்ளத்துள் குதித்தார். சுமை சிதறி விறகுகள் சாலையில் உருண்டன. அவர் எழுந்து நின்றதைப் பின்கண்ணாடி வழியே பார்த்தோம். அடிபடவில்லை என்று எமக்கு நாமே சொல்லிக் கொண்டோம். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. பொள்ளாச்சியில் ஜமாஅத் கிடைத்தது. முதல் ரக்அத்திலேயே போய்ச் சேர்ந்துகொண்டோம்.

பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டது என்பது எமக்குத் தெரியாததன்று. சாலையோரம் ஒரு பாறைமீது துண்டை விரித்திருந்தால் மஃரிபு நிறைவேறியிருக்கும். அந்த அம்மையாரின் விறகை எடுத்துக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நல்ல நோக்கம் நம் கண்ணை மறைத்துவிட்டது. விரட்டிக் களைப்பிக்கக் கூடாது என்று நூலோர் சொன்ன பிராணியின் இடத்தில் ஒரு மனிதரை உட்கார வைத்திருந்தோம் என்பதும் அன்று தோன்றவில்லை.

பெருமானார் (ஸல்) அவர்கள் சாலைகளில் அமர்வதைத் தவிர்க்கும்படித் தோழர்களுக்குச் சொன்னதும், வேறு வழியில்லை என்று அவர்கள் கூறியபோது, அப்படியாயின் சாலைக்கு உரிய உரிமையைச் செலுத்தும்படிப் பணித்ததும் வாசகர் அறிந்தவை. அவ்வுரிமைகளாக அண்ணலார் எண்ணியவை பார்வையைத் தாழ்த்துதல், துன்பம் தராதிருத்தல், ஸலாமுக்கு மறுமொழி கூறல், நன்மையை ஏவித் தீமையை விலக்கல் ஆகியன. உட்கார்ந்திருப்பவனுக்கே இத்தனை கடன் என்றால், நான்கு சக்கரத்தில் ஓடுகிறவனுக்கு எத்தனை?

சாலைக்கு உரிமை உண்டு என்னும் எண்ணம் இம்மண்ணிற்கும் புதிதன்று. கொங்குநாட்டுப் பழஞ்சாலைகளில் ஆங்காங்கே சுமைதாங்கிக் கற்கள் நிற்கக் காணலாம். சூலியாய் இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய உறவினர் நட்டவை. வழிநடப்பவர் எவருடைய உதவியுமின்றித் தலைச்சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக் கொள்வதற்கு ஏற்ற உயரத்தில் இருக்கும். சுமந்தபடியே போனவளின் பெயரால் பிறர் சுமையை இறக்க ஒரு கல். இதனினும் நுட்பமான அறக்கொடையை நாம் கண்டதில்லை. மலைக்கு அப்பால், 14ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரையிற் பயணம் செய்த இப்னு பதூதா, அங்கே வழிநெடுக மரநிழல் இருந்ததையும், அரை மைலுக்கு ஒன்றாக மரத்தாலான தங்கல் மண்டபங்கள் இருந்ததையும், அவற்றில் முஸ்லிம்களும் பிறரும் அமர்ந்து இளைப்பாறத் திண்ணைகளும், அருகே கிணறும், தண்ணீர் தர ஓர் ஆளும் இருந்ததையும் வியந்து பதிவு செய்திருக்கிறார். அன்று அக்கரையில் அரசனைத் தவிர எவரும் பிராணிமீது ஏறிச் செல்வதில்லையாம். நடப்பார்கள், அல்லது ஆள் சுமக்கும் பல்லக்கிற் போவார்கள். அரை மைலுக்கு ஒரு திண்ணை வைத்த நாட்டில் விரைவு என்பதற்கு வேறு அளவு இருந்திருக்கும். நாமோ கோவை–பொள்ளாச்சிச் சாலையை நான்கு வழியாக்க, நிழல் தந்த பழம்புளியமரங்களை வரிசையாகச் சாய்த்தோம். விரைவாகப் போகிறோம் என்பது உண்மை. இளைப்பாற இடம் தேடினால் பெட்ரோல் பங்குதான்.

சாலையின் உரிமைகளுள் முதலாவதாகச் சொல்லப்பட்டது பார்வையைத் தாழ்த்துதல் என்பதில் நம் சிந்தனை நின்றுவிட்டது. காண்பதற்கென்றே புறப்படுகிறவனிடம் முதற்கடனாகப் பார்வையைத் தாழ்த்தச் சொன்னால் அவன் எப்படிப் பயணம் போவான்? அன்னியப் பெண்ணைப் பாராதே என்பது அதன் முதற்பொருள்; அதில் ஐயமில்லை. ஆனால் அதன் விரிவு இன்னும் பெரிது என்றே எமக்குத் தோன்றுகிறது. பார்க்கப்படுவதற்கு இசையாத ஒருவரைப் பார்வையால் தொடாதிருத்தல் என்று அதனைக் கொள்ளலாம்.

வால்பாறையை எடுத்துக் கொள்வோம். ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் காட்டை வெட்டி முதலிற் காப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிட்ட இடம் அது. ஒன்பதாம் வளைவில் நின்று கீழே பார்த்தால் ஆழியாற்று அணை நீலத் தட்டாய்க் கிடக்கும். பாறை விளிம்பில் வரையாடு நிற்கும். அதற்கு மேலே ஏறினால் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலை என்று போனவர் எல்லாரும் சொல்வர். கம்பளம் விரித்தவர் யார்? சமவெளியிலிருந்து ஆசைகாட்டி அழைத்துச் செல்லப்பட்ட ஏழைகள். அவர்களுடைய பேரர், பேத்தியர் இன்றும் ‘லைன்’ என்று வழங்கும் வரிசை வீடுகளில் வாழ்கின்றனர். அவர்களுக்கும் முன்பிருந்தே அம்மலை காடர்களின் வீடு. வண்டியை நிறுத்தி, கூடையைத் தலையில் மாட்டிக் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமலே படம் எடுத்துக்கொள்வதும், லைன் வீட்டு வாசலில் உலரும் துணியைப் பின்னணியாக்கி நிற்பதும் இன்று வழக்கமாகிவிட்டன. தன் வீட்டு வாசலை வேற்றார் படமெடுத்தால் பொறுப்பாரா என்று கேட்டால் திகைப்பார்கள். 2025 ஜூன் மாதம் இத்தோட்டங்களுள் ஒன்றில் நான்கு வயதுப் பெண்குழந்தை ஒன்றைச் சிறுத்தை கவ்விச் சென்று கொன்றது. அங்கே அந்தி என்பது காட்சியன்று. பிள்ளையை உள்ளே அழைக்கும் நேரம்.

காட்டுயிர்களுக்கும் இவ்வுரிமை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய அரிய சோலைமந்திகள் புதுத்தோட்டத்தருகே சாலையைக் கடக்கையில் வண்டியில் அடிபடாமலிருக்க, மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். யானை நிற்கும் இடத்தை மக்களுக்கு அறிவிக்கக் கைப்பேசிச் செய்தியும் சிவப்பு விளக்கும் ஏற்படுத்தியிருக்கிறார்கள். குரங்குக்கு வாழைப்பழம் எறிந்து மகிழும் நம் குடும்பங்களோ, அதனைத் தர்மம் என்றே எண்ணுகின்றன. பழத்துக்காகச் சாலைக்கு இறங்கப் பழகிய குரங்கு சக்கரத்தின் கீழ்ப் போகிறது.

பார்வைக்கும் அதபு உண்டு என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். பூமியிற் சென்று, அழிந்துபட்ட முன்னைச் சமுதாயங்களின் முடிவைக் காணுமாறு திருமறை பலவிடத்தும் ஏவுகின்றது. பயணத்தை ஆதரிப்போர் அதனை அடிக்கடி எடுத்துக் காட்டுவர். ஆனால் ஸமூது கூட்டத்தார் வாழ்ந்தழிந்த ஹிஜ்ர்ப் பள்ளத்தாக்கைக் கடந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நடந்துகொண்ட முறையைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அழுதவர்களாக அன்றி அங்கே நுழையாதீர் என்று தோழரை எச்சரித்து, தலையை மூடிக்கொண்டு விரைந்து அப்பள்ளத்தாக்கைக் கடந்தார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண் மூடியது. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிணங்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கையிலேயே வேடிக்கை பார்க்க வருகிறவர்களை வரவேண்டாம் என்று கேரளக் காவல்துறை வேண்டிக்கொள்ள நேர்ந்தது. அவர்களும் பூமியைச் சுற்றிப் பார்க்கப் போனவர்கள்தாம்.

இனித் தாளுக்கு வருவோம். முதலில் மூன்றாம் நாளை முழுதும் அடித்தோம். நிலம்பூர், கூடலூர், உதகை, குன்னூர் ஆகிய நான்கையும் ஒரே பகலில் ஓடிக்கடப்பது பார்ப்பதாகாது. மேலும் நீலகிரி தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் பெற்றே போகவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் கட்டியது. அவ்வாண்டு நவம்பர் முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. இதனைத் தொல்லை என்று முணுமுணுத்தான் மாணவருள் ஒருவன். ஒரு வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்பதும், கிடைக்காவிடில் திரும்புவதும் நம் மார்க்கம் கற்றுத்தந்த ஒழுக்கந்தானே, அதையே இப்போது கணிப்பொறி கேட்கிறது என்றோம். கோடை விடுமுறையில் போகும் எண்ணத்தையும் மாற்றச் சொன்னோம். கோடையில் மலைக்குக் கூட்டம் பாரம். அடைமழையில் மண்ணே பாரம். தென்னிந்தியாவில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்றான சின்னக்கல்லாறு வால்பாறைப் பக்கத்திலேதான் இருக்கிறது. தைப்பிறப்பின் நெரிசல் கழிந்தபின் போகட்டும்.

மூன்று நாட்களுக்கும் ஒரு நூலிழை வேண்டியிருந்தது. இடங்களை எண்ணாமல் தண்ணீரைப் பின்தொடருங்கள் என்றோம். ஆனைமலையின் மேற்குச் சரிவில் விழும் மழையைத் திருப்பிச் சுரங்கங்களின் வழியே நம் சமவெளிக்குக் கொணர்ந்ததே பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். பொள்ளாச்சியின் தென்னையும் உடுமலை, பல்லடத்துக் காடுகளும் அந்நீரிற் பிழைப்பவை. 1970இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீரை நாம் கேரளத்துக்கு விடவேண்டும். அந்நீர் சித்தூர்ப் புழையாகி, பாரதப்புழையிற் கலந்து, பொன்னானியிற் கடலை அடைகின்றது. ஒன்பதாம் வளைவிலிருந்து நீலத் தட்டாகக் கண்ட அந்நீரின் ஒரு பங்கு, ஃபத்ஹுல் முஈன் இயற்றிய ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் ஊர்க்கரையைக் கழுவிக்கொண்டு போகிறது. அவர் பாட்டனார் காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பெரிய பள்ளியில், விளக்கைச் சுற்றி அமர்ந்து ஓதிய மாணாக்கர் மலபாரெங்கும் பரவினர். மலையிலிருந்து இறங்கி அப்பள்ளியின் குளிர்ந்த மரத்தூண்களுக்கிடையே ஒரு ழுஹர் நேரம் இருந்துவிட்டு வாருங்கள் என்றோம். ஸியாரத் என்று பெயர் வைக்க வேண்டாம்.

இப்படியாக முதல் நாள் ஆழியாறும் வால்பாறையும் மட்டும். இரவு அங்கேயே தங்கல். இரண்டாம் நாள் காலையிற் புறப்பட்டு, மளுக்கப்பாறைச் சோதனைச் சாவடியைப் பகலிலேயே கடந்து, காட்டு வழியே இறங்கி, அதிரப்பள்ளியில் நின்று, கொடுங்கல்லூரில் இரவு. அங்குள்ள சேரமான் பள்ளியின் ஆண்டை மரபு 629 என்று சொல்லும்; ஆய்வாளர் பிற்காலத்தது என்பர். அந்த வழக்கைத் தீர்க்க மாணவர் போகவில்லை. மூன்றாம் நாள் கடற்கரைச் சாலையில் வடக்கே பொன்னானி. பிறகு பாலக்காட்டுக் கணவாய் வழியே, அதாவது குறுவழியே, வீடு. பதினான்கு இடங்கள் ஐந்தாகிவிட்டன. இவ்வளவுதானா என்று இளையவன் கேட்டான். அழிக்கோட்டில் சூரியன் விழும்வரை மணலில் உட்கார நேரம் விட்டிருக்கிறோம், அதை இடமாக எண்ணிக் கொள் என்றோம்.

கடைசியாக ஓட்டுநர். தாளில் அவருக்கு இடமே இல்லை. நால்வருக்கு அறை எழுதியிருந்தார்கள். அவர் வண்டியிலேயே படுத்துக்கொள்வார் என்றனர். அப்படித்தான் எங்கும் நடக்கிறது என்பது எமக்குத் தெரியும். படுக்கை ஐந்தாக வேண்டும், உணவும் ஒரே பந்தியில் என்றோம். செலவு கூடுமே என்றனர். கூடினால் அதிரப்பள்ளிக்கருகே தங்குவதாக எழுதியிருந்த உல்லாச விடுதியைக் குறைத்துக் கொள்ளுங்கள் என்றோம். பயணத்துக்கு அரபியில் ‘ஸஃபர்’ என்று பெயர் வந்தது அது மனிதரின் இயல்பைத் திரைவிலக்கிக் காட்டுவதால்தான் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எழுதுகிறார்கள். திரை விலகுவது பெரும்பாலும் மலையுச்சியில் அன்று. பந்தி விரிக்கும் இடத்திலும் படுக்கை பிரிக்கும் இடத்திலுந்தான்.

புறப்படும்போது மூத்தவன் தாளை மடித்துக்கொண்டே, “ஹஜ்ரத், அந்த அம்மா விறகோட விழுந்ததாகச் சொன்னீங்களே, அது எத்தனாவது வளைவு?” என்று கேட்டான். ஒன்பதாவதற்கு மேலே, தேயிலை தொடங்கியபின் என்பது மட்டும் நினைவிருக்கிறது. எண்ணிப் பார்த்தோம், அன்று நாம் வளைவுகளை எண்ணவில்லை, கடிகாரத்தை எண்ணிக்கொண்டிருந்தோம். தெரியவில்லை என்றே சொல்லியனுப்பினோம்.